டொமைனைப் புதிதாகக் கட்ட வேண்டாம், குடி மாற்றினால் போதும்

கேள்வி:

சார், கருங்கல் பக்கம் ஒரு முந்திரிப் பருப்பு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.காம்., ஆனால் கம்ப்யூட்டர் வேலையும் என் தலையில்தான். 42 கம்ப்யூட்டர்கள், ஒரே சர்வர், அதில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. டொமைன், டேலி, பொது போல்டர்கள் எல்லாமே அதில்தான் இருக்கின்றன. 2003 சர்வர் இருந்த காலத்திலேயே போட்ட டொமைன் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். இப்போது விண்டோஸ் சர்வர் 2022 உள்ள புதிய மெஷின் வந்திருக்கிறது. அதை டொமைன் கன்ட்ரோலர் ஆக்கப் பார்த்தபோது எஃப்ஆர்எஸ் என்று ஏதோ பிழை காட்டியது. சர்வர் தந்தவர், "பழைய டொமைன் கெட்டுப்போச்சு, அதே பெயரில் புதுசா ஒண்ணு போட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லா கம்ப்யூட்டரையும் அதில் சேர்த்துடலாம்" என்கிறார். முதலாளிக்குச் சம்மதம். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. செய்யலாமா?

பதில்:

தம்பி, செய்ய வேண்டாம். முதலாளியிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். உங்கள் பயம் நியாயமானது. உங்கள் டொமைன் கெட்டுப்போகவும் இல்லை. அந்தப் பிழை எதனால் வருகிறது என்பது தெரிந்த விஷயம், அதைச் சரிசெய்ய மைக்ரோசாப்டே வழியும் கொடுத்திருக்கிறது. அதற்கு முன்னால், அதே பெயரில் புதிய டொமைன் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதலாளியிடம் பேச அது உங்களுக்கு உதவும்.

டொமைன் என்பது எல்லாக் கம்ப்யூட்டரையும் பயனரையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் ஏற்பாடு, அதை நடத்தும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். டொமைனுக்குப் பெயர் என்பது மனிதர்கள் படிப்பதற்காக. கம்ப்யூட்டர்கள் பார்ப்பது எஸ்ஐடி என்ற எண்ணை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் ஆதார் எண் வேறு வேறு இல்லையா, அதுபோல. சம்பளப் போல்டரை யார் திறக்கலாம், ஏற்றுமதிப் பிரிவின் போல்டரில் யார் எழுதலாம் என்ற அனுமதியெல்லாம் அந்த எண்ணின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதே பெயரில் புதிய டொமைன் போட்டால் எண்கள் எல்லாம் மாறிவிடும். பழைய அனுமதி ஒன்றுகூடச் செல்லாது. ஒவ்வொருவரும் லாகின் செய்யும்போது வெறும் டெஸ்க்டாப்தான் வரும். அவர்களுடைய பைல்கள் அழிந்திருக்காது, அதே கம்ப்யூட்டரில் பழைய பெயருள்ள போல்டரில் கிடக்கும். ஆனால் திங்கட்கிழமை காலை "என் பைல் எல்லாம் போச்சே" என்று 42 பேர் உங்கள் மேஜைக்கு வருவார்கள். ஒரு கம்ப்யூட்டரைப் பழைய டொமைனிலிருந்து எடுத்து, புதியதில் சேர்த்து, மெயில், பிரிண்டர், டெஸ்க்டாப் எல்லாம் பழையபடி ஆக்க முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். 42 கம்ப்யூட்டருக்கு 31 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அது அடங்காது.

சரியான வழி இப்படி. டொமைன் என்பது ஒரு மெஷினோடு ஒட்டிப் பிறந்தது இல்லை. ஒரே டொமைன் ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களில் இருக்கலாம், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். புதிய சர்வரைப் பழைய டொமைனுக்குள் இரண்டாவது கன்ட்ரோலராகச் சேர்த்தால், பயனர்கள், பாஸ்வேர்டுகள், குரூப் பாலிசி (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான விதிகள்) எல்லாம் தாமாகவே அதற்கு நகலாகும். சில நாள் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். பிறகு பொறுப்புகளைப் புதியதற்கு மாற்றி, பழையதை முறைப்படி விலக்கலாம். எஸ்ஐடி மாறாது. 42 கம்ப்யூட்டரில் ஒன்றைக்கூட டொமைனிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டியதில்லை.

இனி அந்த எஃப்ஆர்எஸ் பிழை. உங்கள் காரியம் முழுக்க இதில்தான் சிக்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குரூப் பாலிசியும் லாகின் ஸ்கிரிப்டுகளும் சிஸ்வால் என்ற போல்டரில் இருக்கின்றன. ஒரு கன்ட்ரோலரிலிருந்து இன்னொன்றுக்கு அந்தப் போல்டரை நகலெடுக்க 2003 காலத்தில் இருந்த முறைதான் எஃப்ஆர்எஸ். 2008 முதல் டிஎஃப்எஸ்ஆர் என்ற நல்ல முறை வந்துவிட்டது. ஆனால் பழைய டொமைன்கள் தாமாக அதற்கு மாறுவதில்லை, யாராவது மாற்ற வேண்டும். உங்கள் நிறுவனத்தில் 2003-லிருந்து 2012 ஆர்2-க்கு மாற்றியபோது யாரும் அதைச் செய்யவில்லை. 2012 ஆர்2 பழைய முறையையும் ஏற்றுக்கொண்டதால் இத்தனை வருடம் வெளியே தெரியவில்லை. 2022 அதை ஏற்பதில்லை, வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நீங்கள் பார்த்த பிழை இதுதான்.

மாற்றுவதற்கு முன்னால் பேக்கப். விண்டோஸ் சர்வர் பேக்கப் வசதியைப் பழைய சர்வரில் நிறுவி, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப், அதாவது டொமைன் விவரங்களும் சேர்ந்த பேக்கப், எடுங்கள். அதோடு சிஸ்வால் போல்டருக்குள் இருக்கும் பாலிசிகளையும் ஸ்கிரிப்டுகளையும் தனியாகவும் நகலெடுத்து வையுங்கள். அவசரக் காலத்தில் டைரக்டரியை, அதாவது டொமைனின் பயனர் விவரங்கள் இருக்கும் இடத்தை, மீட்கக் கேட்கும் டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்டு யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இருக்காது. அதைப் புதிதாக மாற்றி, காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி முதலாளியின் பீரோவில் வைத்துவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்டு இல்லாமல் பேக்கப்பைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் எஃப்ஆர்எஸ் பதிவுகளைத் திறந்து 13568 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். கரண்ட் திடீரென்று போய் சர்வர் அணைந்த இடங்களில் இது அதிகம் வரும், நம் குமரி மாவட்டத்தில் அதற்குக் குறைவில்லை. அந்த எண் இருந்தால் சிஸ்வாலின் நகலெடுப்பு நின்று கிடக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். இல்லையென்றால் டிசிடயாக் என்ற சோதனைக் கட்டளையை ஓட்டி, அது காட்டும் பிழைகளையும் பாருங்கள்.

எல்லாம் சுத்தமாக இருந்தால், டொமைனின் பங்ஷனல் லெவல், அதாவது எந்தப் பதிப்பின் வசதிகள் வரை அது பயன்படுத்துகிறது என்ற அளவு, என்ன என்று பாருங்கள். 2003 என்று காட்டினால் 2012 ஆர்2 வரை உயர்த்துங்கள். உங்களிடம் ஒரே கன்ட்ரோலர்தான், அதுவும் 2012 ஆர்2, அதனால் தடை எதுவும் இல்லை. இது திரும்பி வராத பாதை என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள், அதற்காகத்தான் பேக்கப்பை முதலில் சொன்னேன். பிறகு டிஎஃப்எஸ்ஆர்மிக் என்ற கட்டளை. அதில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் புதிய முறை பக்கத்தில் ஒரு நகலைத் தயார் செய்யும். இரண்டாவதில் எல்லோரும் அந்த நகலைப் பயன்படுத்தத் தொடங்குவார்கள். மூன்றாவதில் பழைய முறை நீக்கப்படும். ஒவ்வொரு நிலைக்குப் பின்னும், மாற்றம் முடிந்துவிட்டதா என்று அதே கட்டளையிடம் கேட்டு, முடிந்தது என்று அது சொன்ன பிறகே அடுத்த நிலைக்குப் போங்கள். ஒரே சர்வர் என்பதால் ஒவ்வொன்றும் சில நிமிடத்தில் முடியலாம். ஆனாலும் இரண்டாவது நிலையில் ஒரு நாள் அப்படியே விட்டுவைக்கச் சொல்வேன். மறுநாள் எல்லோரும் லாகின் செய்து, டிரைவ்கள் வந்து, பிரிண்டர் ஓடினால் மூன்றாவதைப் போடுங்கள். முதல் இரண்டு நிலைகளிலிருந்து பின்வாங்கலாம். மூன்றாவதிலிருந்து முடியாது.

இது முடிந்தால் 2022 சர்வர் மறுபேச்சின்றி உள்ளே வரும். நல்லவேளை, உங்கள் முதலாளி 2025 வாங்கவில்லை. அது சேருவதற்கு பங்ஷனல் லெவல் குறைந்தது 2016 ஆக இருக்க வேண்டும். அப்படியானால் நடுவில் இன்னொரு சர்வர் வைத்துத் தாண்ட வேண்டியிருந்திருக்கும். 2022-க்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2031 அக்டோபர் வரை உண்டு. 2012 ஆர்2-க்கு வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ம் தேதியே முடிந்துவிட்டது. ஆகவே மாற்ற வேண்டும் என்ற முடிவு சரிதான், முறையில்தான் தவறு.

புதிய மெஷினில் எதையும் நிறுவும் முன் ஒரு யோசனை. டொமைன், டேலி, பொது போல்டர்கள் மூன்றையும் மறுபடி ஒரே விண்டோஸில் குவிக்காதீர்கள். ஸ்டாண்டர்டு லைசென்ஸ் வைத்திருந்தால், மெஷினை ஹைப்பர்-வி என்ற, ஒரே மெஷினுக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் வசதிக்காக மட்டும் வைத்து, அதன் மேல் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் ஓட்ட உரிமை உண்டு. ஒன்று டொமைன் கன்ட்ரோலர் மட்டும். மற்றது பைல் சர்வர். டேலியை விர்ச்சுவல் மெஷினில் வைப்பது பற்றி உங்கள் டேலி பார்ட்னரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லைசென்ஸைப் பழைய சர்வரில் சரண்டர் செய்து புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும், இதைப் பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். இன்னொன்று, 2012-க்கு வாங்கிய க்ளையன்ட் லைசென்ஸ்கள் (சர்வரைப் பயன்படுத்தும் ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ வாங்குபவை) 2022-க்குச் செல்லாது. சர்வர் தந்தவரின் பில்லில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே கம்ப்யூட்டரை ஷிப்ட் மாற்றி இரண்டு மூன்று பேர் பயன்படுத்தினால், ஆள் கணக்கில் வாங்குவதைவிடக் கம்ப்யூட்டர் கணக்கில் வாங்குவது லாபம்.

புதியதைக் கன்ட்ரோலர் ஆக்கும்போது டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைச் சொல்லும் சேவையின் அமைப்பில் பழைய சர்வரின் ஐபி எண்ணைக் கொடுங்கள், இல்லாவிட்டால் டொமைனையே கண்டுபிடிக்காது. சேர்ந்த பிறகு ரெப்அட்மின் கட்டளையால் இரண்டுக்கும் இடையே நகல் பிழையின்றி நடக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்கு ஒரு பயனரைப் பழையதில் உருவாக்குங்கள். புதியதில் தெரிகிறதா? பிறகு, கம்ப்யூட்டர்களுக்கு ஐபி எண்ணைத் தானாக வழங்கும் டிஎச்சிபி தரும் டிஎன்எஸ் பட்டியலில் இரண்டு சர்வர்களையும் போடுங்கள். விண்டோஸ் டிஎச்சிபியில் லீஸ் (ஒரு எண்ணைத் தரும் காலம்) வழக்கமாக 8 நாள், பாதியில் புதுப்பித்துக்கொள்ளும். இதை மட்டும் ஒரு வாரம் முன்னதாகச் செய்துவிட்டால், மாற்றும் நாளில் எல்லாக் கம்ப்யூட்டரும் புதிய சர்வரை அறிந்திருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலாவது யாராவது கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 என்று கையால் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இன்டர்நெட் வரும், டொமைன் வராது.

இனி என் அனுபவத்தில் ஒன்று. பல வருடம் முன்பு தக்கலைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் இதே வேலையைச் செய்தேன். எல்லாம் நன்றாக முடிந்தது என்ற நம்பிக்கையில் அன்று இரவே பழைய சர்வரை அணைத்து, கழற்றி, மூலையில் வைத்துவிட்டேன். மறுநாள் காலை கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஓடின. ஆனால் கைரேகை வருகைப் பதிவு மெஷின் ஓடவில்லை, ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் போகவில்லை, கணக்காளரின் எக்செல் பைல்கள் ஒன்றோடொன்று இணைந்திருந்தது பழைய சர்வர் பெயரில், எல்லாம் அறுந்துவிட்டது. வேலையாட்கள் வருகைப் பதிவுக்கு வரிசையில் நின்றதை இன்றும் மறக்கவில்லை. டொமைனில் சேராத, ஆனால் சர்வரின் எண்ணையோ பெயரையோ நம்பியிருக்கும் பொருட்களை நான் பட்டியல் எடுக்கவில்லை. அது முழுக்க என் தவறு.

அதனால் நீங்கள் முதல் வாரமே நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக ஆலையைச் சுற்றி வாருங்கள். வருகைப் பதிவு மெஷின், ஜெராக்ஸ், கேமரா பெட்டி, லேபிள் பிரிண்டர், எடைமேடை அறையில் இருக்கும் கம்ப்யூட்டர், எதையும் விடாதீர்கள். எடைமேடையில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற இடங்கள் உண்டு. எக்ஸ்பியும் பழைய ஜெராக்ஸ் மெஷின்களும் பைல் அனுப்ப எஸ்எம்பி 1 என்ற பழைய வழியைத்தான் அறியும். 2022-ல் அது இயல்பாக இருக்காது. ஒரு எடைமேடைக்காக அதைத் திறந்துவிடச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். 2017-ல் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் ஆலைகளையும் முடக்கிய வானாக்ரை பரவியது அந்த வழியாகத்தான். எடைமேடைக் கம்ப்யூட்டரை மாற்றுவது செலவு குறைவு. ஜெராக்ஸில் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி அமைக்கலாம்.

பெயர் அறுந்துபோகும் பிரச்சினைக்கு நான் இப்போது செய்வது இதுதான். பழைய சர்வர் முறைப்படி விலகிய பிறகு, அதன் பெயரைப் புதிய பைல் சர்வருக்குக் கொடுக்கிறேன். அதன் ஐபி எண்ணைப் புதிய டொமைன் கன்ட்ரோலருக்குக் கொடுக்கிறேன். ஷார்ட்கட்டுகளும் எக்செல் இணைப்புகளும் பெயரைத் தேடும், கிடைக்கும். டிஎன்எஸ் எண்ணைக் கையால் போட்டு வைத்த கருவிகள் எண்ணைத் தேடும், அதுவும் கிடைக்கும். ஐபி எண்ணை நம்பி நேராகப் போல்டருக்கு அனுப்பும் ஒன்றிரண்டு கருவிகளை மட்டும் கையால் மாற்றினால் போதும்.

பைல்களை விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளையால் நகலெடுங்கள், அனுமதிகளையும் சேர்த்து. எஸ்ஐடி மாறாததால் சம்பளப் போல்டரின் பூட்டு அங்கேயும் அப்படியே பூட்டாக இருக்கும். வேலை நாளில் பின்னணியில் ஒரு முறை ஓட்டிவிட்டால், விடுமுறை நாளில் மாறியவை மட்டும் போகும், சீக்கிரம் முடியும். போல்டரின் அனுமதி வேறு, ஷேரின் (அந்தப் போல்டரை நெட்வொர்க்கில் பகிர்வதன்) அனுமதி வேறு என்பதை மறக்க வேண்டாம். ஷேர்களை, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்துப் போடலாம், டிரைவ் எழுத்தும் பாதையும் மாறாமல் இருந்தால்.

எந்த நாள் என்று கேட்பீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் சொல்லவா வேண்டும்? மாதம் 11, 15, 20 தேதிகளை ஒட்டி ஜிஎஸ்டியும் பிஎஃப்பும் இருக்கும். 21-க்கும் 27-க்கும் இடையில் வரும் ஒரு விடுமுறையைப் பிடியுங்கள். சிவராத்திரிக்கும் மண்டைக்காடு கொடைக்கும் நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. அவற்றில் ஒன்று இந்த நாட்களுக்குள் விழுந்தால் அதுவே மிக நல்லது. வெளியூர்க் கம்பெனிகளின் உதவி மையம் அன்றைக்குத் திறந்திருக்கும், உங்கள் ஆலை மூடியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். அந்த மாத இடி மின்னலில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஓடும் செம்புக் கேபிள் வழியாகச் சுவிட்ச் எரிந்த கதைகள் நிறைய. ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் அப்படி ஒரு கேபிள் இருந்தால், இந்தச் சாக்கிலேயே பைபருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மாற்றும் நாளில் செய்வது குறைவு. டொமைனில் ஐந்து தனிப் பொறுப்புகள் ஒரு நேரத்தில் ஒரு சர்வரிடம் மட்டுமே இருக்கும்: ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர், ரிட் மாஸ்டர், பிடிசி எமுலேட்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர். ஐந்தையும் ஒரே பவர்ஷெல் கட்டளையில் புதியதற்கு மாற்றலாம். மாறியபின் நெட்டாம் கட்டளையால் கேட்டு, ஐந்துக்கும் நேராகப் புதிய பெயர் வருகிறதா என்று பாருங்கள். பிடிசி எமுலேட்டர்தான் எல்லோருக்கும் நேரம் சொல்லும் கடிகாரம், அதற்கு வெளியிலிருந்து நம்பகமான நேரம் அமைத்துக் கொடுங்கள். கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் லாகினுக்குப் பின்னால் இருக்கும் கெர்பரோஸ் மறுக்கத் தொடங்கும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, கரண்ட் வந்த அன்று ஓர் அலுவலகத்தில் சர்வரைப் போட்டால் பாதிப் பேருக்கு லாகின் ஆகவில்லை. மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னே போயிருந்தது. உங்கள் பழைய மெஷினில் அந்தப் பேட்டரியை இப்போதே மாற்றுங்கள், சில பத்து ரூபாய்தான்.

பிறகு டிஎச்சிபியைப் புதிய சர்வருக்கு மாற்றுங்கள். டேலி, போல்டர்களின் கடைசிச் சுற்று. அதன்பின் பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிவிட்டு, மூன்று வேலை நாள் காத்திருங்கள். யாராவது எதையாவது காணோம் என்றால், கேபிளைச் சொருகி என்னவென்று பார்த்துவிட்டு, அதையும் மாற்றலாம். மூன்று நாளும் சத்தம் இல்லையென்றால் கேபிளைத் திரும்பச் சொருகி, முறைப்படி டிமோட் செய்யுங்கள், அதாவது கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து விலக்குங்கள். இதைச் செய்யாமல் அணைத்து ஓரமாக வைத்தால், இல்லாத ஒரு கன்ட்ரோலரைத் தேடித் தேடி டொமைன் தடுமாறும். பெயர் மாற்றமும் எண் மாற்றமும் இதற்குப் பின்புதான்.

இதில் எந்தப் படியும் பி.காம். படித்தவருக்கு எட்டாதது இல்லை. சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்வதும், ஒவ்வொரு படிக்குப் பின்னும் நின்று சரிபார்ப்பதும்தான் தேவை. கணக்கு எழுதுபவருக்கு அது ஏற்கெனவே கைவந்த பழக்கம். சர்வர் தந்தவரையும் விலக்க வேண்டாம். இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள், பிழைக்குக் காரணம் தெரிந்தால் அவரே கூட நின்று செய்வார்.

இந்தச் சனிக்கிழமை பேக்கப்பும் டிசிடயாக்கும் மட்டும் போதும், வேறு எதையும் தொட வேண்டாம். அது தரும் அறிக்கையையும், 13568 இருந்ததா இல்லையா என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு பங்ஷனல் லெவலை எப்போது உயர்த்தலாம் என்று சொல்கிறேன்.